சுடுகாட்டுப் பாதையில் எல்லாக் கட்சியையும் சேர்த்து நடக்க வைப்பது எப்படி

கடலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் யார் எந்தக் கட்சி என்று கேட்டால், பாதி நேரம் யார் எந்தத் தெரு என்பதுதான் பதிலாக வரும். பையன் போலீஸ் ஸ்டேஷனில் மாட்டியபோது வந்து நின்றவர், பெண் கல்யாணத்துக்கு மொய் வைத்தவர், தானே புயலில் முந்திரி சாய்ந்தபோது நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்க்க அலைந்தவர்: இவர்கள் இருக்கும் இடமே அந்த வீட்டின் கட்சி. அப்படிப்பட்ட ஒருவரிடம் போய் ஒரு சமூக வழக்கத்தை மாற்றச் சொன்னால், 'உன் ஆட்களை விட்டுவிட்டு வா' என்றுதான் அவர் காதில் விழும். அவர் தன் கட்சியிலேயே, தன் தெருவிலேயே இருந்துகொண்டு மனம் மாற வழி செய்து கொடுக்க வேண்டும். கீழே சொல்லியிருப்பது முழுக்க அந்த வேலைக்கான முறைதான்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு பிரச்சினையை வைத்துக்கொள்வோம்: காலனியில், அதாவது தலித் குடியிருப்பில், சாவு விழுந்தால் ஊர்த்தெரு வழியாகப் பாடை போகக்கூடாது, வாய்க்கால் வரப்பு வழியாகத்தான் போக வேண்டும் என்ற வழக்கம். குழந்தைத் திருமணத்துக்கோ மதுக்கடைக்கோ இதே முறையைக் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்தலாம். ஆனால் மதுக்கடையில் எல்லாக் கட்சிக்காரரும் மேடையில் தலையாட்டிவிடுவார்கள், அவரவர் வீட்டில் எதுவும் மாற வேண்டியதில்லை. பாதை அப்படியல்ல, வாசல் வழியாகப் போகிறது. அதனால்தான் கடினமானதை எடுத்துக்கொண்டோம்.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தைக் குழுவில் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். பாதை ஏற்கெனவே உள்ள உரிமை. அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015 திருத்தத்துக்குப் பிறகு, பொதுச் சுடுகாட்டையும் பொதுப்பாதையையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்று தெளிவாகவே சொல்கிறது. இந்த உரிமைக்கு ஓட்டெடுப்பு கிடையாது. காலனி மக்கள் யாரிடமும் அனுமதி கேட்கப் போவதில்லை. போலீஸ் பந்தோபஸ்தோடு ஒரு முறை போகும் பாடையை, பந்தோபஸ்து இல்லாமல் எப்போதும் போகும் பாடையாக்குவதே நாம் செய்யும் வேலை. இதைச் சொல்லாமல் தொடங்கினால் காலனி இளைஞர்கள் 'இவங்ககிட்ட போய் ஏன் கெஞ்சணும்?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது.

கோரிக்கையும் காகிதமும்

'சாதியை ஒழிப்போம்' என்று போனால் எல்லோரும் ஆமாம் சொல்வார்கள், ஒன்றும் நடக்காது. கோரிக்கையில் ஓர் இடமும் ஒரு செயலும் இருக்க வேண்டும்: 'மாரியம்மன் கோயில் முனையிலிருந்து ஏரிக்கரை மயானம் வரை உள்ள ஊராட்சிச் சாலை வழியாக, யார் வீட்டுச் சாவானாலும் போகும்.' இதைப் பதினைந்து சொல்லுக்குள் ஒரு பாட்டி திருப்பிச் சொல்லும் அளவுக்குச் சுருக்குங்கள். முதலில் பாதை, அடுத்து எரிமேடைக் கூரை, கடைசியில் ஒரே மயானம் என்ற வரிசை பெரும்பாலும் நிற்கும். ஒரே மயானத்தை முதலில் எடுத்தால் எதிர்ப்புக்கு எல்லோரும் ஒன்றுசேர்ந்துவிடுவார்கள். இந்த வரிசையைக் காலனி மக்கள் ஏற்கவில்லை என்றால் அவர்கள் சொல்லும் வரிசைதான் வரிசை.

அடுத்து கிராம நிர்வாக அலுவலரிடம் மூன்று காகிதங்கள்: அந்தப் பாதையின் சர்வே எண்ணுக்கான 'அ' பதிவேட்டு நகல், புல வரைபடம், மயானத்தின் சர்வே எண். பாதை வண்டிப்பாதையா, வாய்க்கால் புறம்போக்கா, ஊராட்சிச் சாலையா, நடுவில் யாருடைய பட்டா நிலமாவது குறுக்கிடுகிறதா என்று பாருங்கள். இதைப் பேச்சு தொடங்கும் முன்பே செய்வதற்குக் காரணம் உண்டு. வேலை பாதியில் உடைவது பெரும்பாலும் ஒரே வதந்தியால்தான்: 'பாதைன்னு சொல்லி நம்ம பட்டா நிலத்தப் புடுங்கப் போறாங்க.' அன்று கையில் வரைபடம் இல்லாதவர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் நிற்க முடியாது. ஏழு சென்ட் பட்டா குறுக்கே வந்தால் அந்த நிலக்காரரே நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய ஆள்.

நோட்டுப் புத்தகம்

நீளவாக்கில் கோடு போட்ட 200 பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு வீட்டுக்கு ஒரு வரி. தெரு, வீட்டில் யார் பேச்சு எடுபடும் (பல வீடுகளில் மாமியார்), எந்தக் கட்சி, அந்த வீட்டுக்கு யார் சொன்னால் கேட்பார்கள், கடைசியாகச் சாவு நடந்த மாதம், சம்மதம் எவ்வளவு. சம்மதத்துக்கு 1 முதல் 5 வரை எண் போடுங்கள்: 1 கூட நிற்பார், 2 சம்மதம் ஆனால் வெளியே சொல்லமாட்டார், 3 'ஊர் என்ன சொல்லுதோ அதான்', 4 பிடிக்காது, 5 கம்பெடுத்து நிற்பார். உழைப்பில் முக்கால் பங்கு 2-க்கும் 3-க்கும் போக வேண்டும். 5-ஐ மாற்றிக் காட்டுகிறேன் என்று ஒருவர் கிளம்பினால் இரண்டு மாதம் வீணாகும், அந்த 5-க்கு ஊரில் மதிப்பும் கூடிவிடும். அவர் சும்மா இருந்தால் போதும்.

இந்த நோட்டு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். செல்போனில் படம் எடுக்க வேண்டாம். 'உன் பேருக்கு எதிரே இத்தனை எண் போட்டிருக்கான்' என்று படம் வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்டால் அந்தத் தெருவுக்குள் மறுபடி நுழைய முடியாது.

வீடுகளோடு சேர்த்து, தனியாக ஒரு பக்கத்தில் ஊரின் மூட்டுகளை எழுதுங்கள்: எல்லாக் கட்சியின் கிளைச் செயலாளர், வாக்குச்சாவடி முகவர், கோயில் தர்மகர்த்தா, நாட்டார், மகளிர் குழு ஊக்குநர், பால் சொசைட்டிச் செயலர், அங்கன்வாடிப் பணியாளர், நூறு நாள் வேலையில் மஸ்டர் (வருகைப் பதிவு) பார்ப்பவர், சாவு மேளக்காரர், ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுபவர். கடைசி இருவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இரு பக்கத்துத் துக்க வீடுகளுக்குள்ளும் போய்வருபவர்கள் அவர்கள்தான்.

கடலோரத்தில் கணக்கு வேறு. தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற மீனவ ஊர்களில் கட்சிக் கிளைக்கு மேலே ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. அங்கே கட்சி வாரியாகப் போவது நேர விரயம். பஞ்சாயத்தாரில் இருவரைப் பிடித்தால் மீதி அவர்கள் கூட்டத்திலேயே பேசி முடியும்.

யார் போவது, எப்போது போவது

எட்டுப் பேர் வேண்டும், நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பெண், ஒவ்வொரு ஜோடியிலும் ஊர்த்தெருக்காரர் ஒருவர், காலனிக்காரர் ஒருவர். போகும் வீட்டின் கட்சிக்காரர் ஒருவராவது ஜோடியில் இருக்க வேண்டும். பா.ம.க. வீட்டுக்கு வி.சி.க.காரரும் தி.மு.க.காரரும் மட்டும் போய் நின்றால் வாசலில் தண்ணீர் கொடுப்பார்கள், பேச்சு கொடுக்கமாட்டார்கள். கரை வேட்டி, கட்சித் துண்டு, சட்டைப் பையில் தலைவர் படம், வண்டியில் கொடி எதுவும் கூடாது. வடலூர்ப் பக்கத்து ஊர்களில் சன்மார்க்க சங்கத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமச்சாலையில் யார் என்று கேட்காமல் சோறு போடுவதை எல்லாக் கட்சிக்காரரும் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். அவர் சொல்வதைக் கட்சிப் பேச்சாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

தை அறுவடை முடிந்து மாசியில் தொடங்குங்கள். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் சம்பா நடவு நேரத்தில் வீட்டில் ஆள் இருக்காது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரி பொறுக்கும் மாதங்களில் மாலை ஏழுக்கு மேல்தான் ஆள் கிடைக்கும். சட்டமன்றம், உள்ளாட்சி, எந்தத் தேர்தலானாலும் ஆறு மாதத்துக்குள் இருந்தால் தொடங்க வேண்டாம். அந்த நேரத்தில் எந்தப் பேச்சும் ஓட்டுப் பேச்சாகிவிடும். ஊரில் சாதி மாறிக் காதல் கல்யாணம் நடந்து சூடாக இருந்தாலும் மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். அந்த ஜோடிக்குப் பாதுகாப்பு தேவைப்படும். அது தனி வேலை, அதைத் தள்ளிப்போடக் கூடாது.

திண்ணைப் பேச்சு

முழு வேலையின் உயிர் இதுதான். ஒரு வீட்டுக்கு 15 முதல் 20 நிமிடம். துண்டறிக்கை கொடுத்துவிட்டு நகர்வதில் பயன் இல்லை. அமெரிக்காவின் மயாமியில் திருநர் குறித்த வெறுப்பைக் குறைக்க வீடு வீடாகப் போய்ப் பேசிய முறையைப் பற்றி 2016-ல் ஓர் ஆய்வு வெளியானது. சுமார் 10 நிமிடப் பேச்சு ஒன்றினால் ஏற்பட்ட மாற்றம் மூன்று மாதம் கழித்தும் நின்றது. அங்கே போனவர்கள் வாதம் செய்யவில்லை. கேட்டார்கள், அந்த வீட்டுக்காரரையே தன் அனுபவத்தைச் சொல்ல வைத்தார்கள். நம் திண்ணைக்கு அது இப்படி வரும்.

முதலில் எண் கேளுங்கள். 'அண்ணே, நம்ம தெரு வழியா எல்லாச் சாவும் போறதுல உங்களுக்கு ரூபாய்க்கு எத்தன அணா சம்மதம்?' பெரியவர்களுக்கு அணா, இளைஞர்களுக்கு 'பத்துக்கு எத்தன மார்க்'. எட்டணா என்றால், ஏன் எட்டணாவுக்குக் குறையவில்லை என்று கேளுங்கள். ஏன் பதினாறு அணா இல்லை என்று கேட்டால் எதிர்ப்புக் காரணங்களை அவரே வரிசைப்படுத்தி உறுதியாக்கிக்கொள்வார். குறையாததற்குக் காரணம் கேட்டால் சம்மதக் காரணங்களை அவர் வாயாலேயே சொல்வார்.

அடுத்து அவர் வீட்டுத் துக்கம்.

'நம்ம வீட்ல கடசியா துக்கம் எப்போண்ணே?'

'எங்க ஆயா. நாலு வருசம் ஆச்சு. ஐப்பசி மழ.'

'எடுப்பு எப்படி ஆச்சு?'

'எங்க எடுத்தோம்? கரண்டு இல்ல, ஐஸ் பெட்டி ஓடல. ரெண்டாம் நாள் காலைல முட்டியளவு தண்ணில தூக்கிட்டுப் போனோம். பாட விழுந்துடுமோன்னு எனக்குக் கை நடுங்கிச்சு.'

இந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருக்கக் கற்றுக்கொள்வதற்குத்தான் குழுவுக்குப் பயிற்சி வேண்டும். ஐந்தாறு விநாடி மௌனம். பிறகு ஜோடியில் காலனிக்காரர் பேசுகிறார், இரண்டே வாக்கியம்: 'எங்க நைனாவையும் அதே மழைலதாண்ணே எடுத்தோம், வாய்க்கா வழியா. இடுப்பளவு தண்ணி, பாதில ஒரு தடவ எறக்கி வெக்க எடம் இல்ல.' அதற்கு மேல் 'அதனால நீங்க…' என்று இழுக்கக் கூடாது. கூட்டிக் கணக்குப் போடுவது அவர் வேலை.

பிறகு பயத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் வருவது நான்குதான்: வாசலில் பூவும் பட்டாசும் விழும், குடித்துவிட்டு ஆடுவார்கள், சாமி புறப்பாட்டில் தீட்டு, 'இன்னிக்குப் பாத, நாளைக்கு என்ன?' முதல் இரண்டுக்கும் இரு தரப்புக்கும் ஒரே விதி என்பதே பதில், அதைக் கீழே பார்ப்போம். தீட்டுக்கு: காப்புக் கட்டிய நாட்களில் இப்போது ஊர்த்தெருச் சாவுக்கு என்ன செய்கிறார்களோ, அதேதான் எல்லோருக்கும். நான்காவதுக்குப் பொய் சொல்ல வேண்டாம். 'நாளைக்கு என்னன்னு நாளைக்குப் பேசுவோம், மறைச்சு எதுவும் வரமாட்டோம்' என்று சொல்லுங்கள்.

கடைசியில் மறுபடி எண் கேளுங்கள். எட்டணா பத்தணாவானால் அன்றைக்குப் போதும். எழுந்து வரும்போது ஒரு சின்னச் செயல் கேளுங்கள்: 'வர்ற வெள்ளிக்கிழம பால் சொசைட்டில உக்காந்து பேசறோம், கேக்க மட்டும் வாங்க.'

பயிற்சிக்கு இரண்டு மாலை ஒதுக்குங்கள். ஒருவர் வீட்டுக்காரராக நடிக்க, மற்ற இருவர் பேச, நான்காமவர் கடிகாரம் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் பேசிய நேரம் பாதிக்குக் குறைவாக இருந்தால் அந்த ஜோடி இன்னும் தயாரில்லை. ஒரு மாலைக்கு ஒரு ஜோடி மூன்று வீடு, அதற்கு மேல் போனால் கேட்கும் பொறுமை தீர்ந்துவிடும். 300 வீட்டு ஊரில், 1, 5 எண்களை விட்டுவிட்டால் ஏறக்குறைய 200 வீடு வரும். நான்கு ஜோடி, வாரத்துக்கு மூன்று மாலை என்றால் ஆறு வாரம்.

ஒவ்வொரு கட்சிக்கும் அதன் வீட்டிலிருந்தே சான்று

ஒருவர் மனம் மாறினாலும் 'நம்ம ஆளுங்க என்ன சொல்வாங்க?' என்ற தயக்கம் மீதி இருக்கும். அதை உடைக்க அவருடைய கட்சிக்குள்ளிருந்தே ஒரு முன்னுதாரணம் வேண்டும். நல்லவேளையாக இந்த விஷயத்தில் எல்லோரிடமும் ஒன்று இருக்கிறது.

பா.ம.க. வீட்டுக்குக் குடிதாங்கி. கும்பகோணம் பக்கத்தில் அந்த ஊரில் தலித் ஒருவரின் உடலைப் பொதுப்பாதையில் கொண்டுபோக எதிர்ப்பு வந்தபோது மருத்துவர் ராமதாஸ் நேரில் போய் நின்றார். அதற்காகத் திருமாவளவன் அவருக்குத் 'தமிழ்க்குடிதாங்கி' என்று பட்டம் கொடுத்தார். இதே சுடுகாட்டுப் பாதை விவகாரம்தான் என்பதால் இதற்கு நிகரான சான்று வேறில்லை. பா.ஜ.க. வீட்டுக்கு, 'ஒரே கோயில், ஒரே கிணறு, ஒரே மயானம்' என்று ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத் திரும்பத் திரும்பச் சொல்லி வருவது. காங்கிரஸுக்கு நம் காட்டுமன்னார்கோயில் மண்ணின் எல். இளையபெருமாள்: 1965-ல் நடுவண் அரசு அமைத்த தீண்டாமை பற்றிய குழுவுக்குத் தலைமை தாங்கி நாடு முழுதும் சுற்றி அறிக்கை கொடுத்தவர். அ.தி.மு.க. வீட்டில் எம்.ஜி.ஆர். 1982-ல் விரிவாக்கிய சத்துணவைச் சொல்லலாம். எல்லாத் தெருப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்த பந்தி அது. தி.மு.க.வுக்குப் பெரியாரும், எல்லாச் சாதியையும் ஒரே வளாகத்தில் குடிவைத்த சமத்துவபுரமும். பொதுவுடைமைக் கட்சிக்காரர்களுக்குச் சான்று தேவையில்லை. ஆனால் அவர்கள் முன்னால் நின்று நடத்தினால் மற்றவர்கள் பின்வாங்குவார்கள், அதை அவர்களிடமே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

விதி ஒன்றுதான்: அந்தச் சான்றை அந்தக் கட்சிக்காரர்தான் சொல்ல வேண்டும். குடிதாங்கிக் கதையை வேறு கட்சிக்காரர் சொன்னால் அது குத்தலாகிவிடும், 'எங்க ஐயாவப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?' என்று பேச்சு அங்கேயே முறியும்.

கொட்டை போடும் பானை

நோட்டில் 3 போட்டவர்கள் பலரும் உள்ளுக்குள் சம்மதமானவர்கள்தான். ஊரே எதிர்ப்பு என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நினைத்துக்கொண்டிருப்பார்கள். சவூதியின் ரியாத்தில் மணமான இளைஞர்களிடம் இதையே சோதித்திருக்கிறார்கள். மனைவி வெளியே வேலைக்குப் போவதில் பெரும்பாலோருக்குச் சம்மதம். ஆனால் மற்றவர்களுக்குச் சம்மதமிருக்காது என்று நினைத்தார்கள். உண்மை எண்ணிக்கையைச் சொன்னதும் மனைவியின் பெயரை வேலைக்குப் பதிய முன்வந்தவர்கள் கூடினார்கள். நம் ஊரில் அந்த எண்ணிக்கையை எடுப்பது எளிது.

வாய் குறுகிய மண்பானை, துணியால் கட்டி நடுவில் கை நுழையும் ஓட்டை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு புளியங்கொட்டை, ஒரு முந்திரிக்கொட்டை. உரிமை உண்டா இல்லையா என்று கேட்கக் கூடாது, அது கேட்கும் விஷயமே இல்லை. 'சாவு உங்க வாசல் வழியாப் போனா நீங்க தடுக்காம இருப்பீங்களா?' சம்மதம் என்றால் முந்திரி, இல்லை என்றால் புளி. மீதிக் கொட்டையை அவரே வைத்துக்கொள்ளட்டும். இரண்டாவதாக, வாய்மொழியாக: 'நம்ம தெருவுல பத்துப் பேருக்கு எத்தன பேரு முந்திரி போடுவாங்க?' இதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பானை, ஏனென்றால் கணவன் பார்க்கும்போது போடும் கொட்டை வேறாக இருக்கும். ஒரு தெருவுக்குக் குறைந்தது 40 பேராவது போட்ட பிறகுதான் எண்ண வேண்டும். ஐந்து பேர் போட்ட பானையை எண்ணினால் யார் போட்டது என்று ஊகித்துவிடுவார்கள்.

முந்திரி பாதிக்கு மேல் இருந்தால் மட்டும் தெருவில் சொல்லுங்கள்: 'பத்துக்கு மூணு பேருன்னு நெனச்சீங்க, பானையில ஆறு.' பாதிக்குக் கீழே இருந்தால் சொல்லாமல் திண்ணைக்குத் திரும்புங்கள். எதிர்ப்பே அதிகம் என்ற செய்தியை நாமே பரப்பினால், 2 போட்டவரும் 4 ஆகிவிடுவார். எண்ணைக் கூட்டிச் சொல்லவும் கூடாது. பொய் எண் ஒரு முறை பிடிபட்டால் பானையை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

ஒரே மாலையில் ஒப்புதல்

கிளைச் செயலாளர் யாரும் முதல் ஆளாக வரமாட்டார். முதலில் வந்தவரைப் பார்த்து எதிர்க்கட்சிக்காரர் 'விலை போயிட்டான்' என்பார். அதனால் ஒவ்வொருவரிடமும் நிபந்தனைச் சம்மதம் வாங்குங்கள்: 'இன்னாரும் இன்னாரும் வந்தா நானும் வர்றேன்.' இதை எழுதி வாங்க வேண்டாம். குறைந்தது நான்கு கட்சியிடம் இந்தச் சொல் கிடைத்ததும், எல்லோரையும் ஒரே மாலையில், ஒரே நேரத்துக்கு அழையுங்கள். ஒன்றியச் செயலாளருக்கு முன்பே சொன்னால் அவர் மாவட்டத்தைக் கேட்பார், மாவட்டம் தேர்தல் கணக்குப் பார்க்கும். கிளைகள் கூடி முடிவானபின் 'தகவலுக்கு' என்று சொன்னால் பெரும்பாலும் மறுப்பு வராது.

இடம்: ஊராட்சிக் கட்டிடம், நூலகம், அல்லது நியாயவிலைக் கடைத் திடல். கோயில் மண்டபம் வேண்டாம், யார் படியேறலாம் என்ற சண்டையில் கூட்டம் முடிந்துவிடும். எல்லோரும் ஒரே உயர நாற்காலியில், அல்லது எல்லோரும் தரையில்.

அழைப்பு நோட்டீஸ்தான் பல நல்ல கூட்டங்களைக் கெடுத்திருக்கிறது. தலைமை, முன்னிலை, சிறப்புரை, நன்றியுரை என்று அச்சடித்தவுடன் யார் பெயர் மேலே, யார் பெயருக்கு முன்னால் எத்தனை அடைமொழி என்று சண்டை. 'அழைப்பது: ஊர்ப் பொதுமக்கள்' என்று மட்டும் போடுங்கள். பெயர் போட்டே ஆக வேண்டுமென்றால் வயது வரிசை. தலைவர் படம், கட்சி நிறம், பிளெக்ஸ் வேண்டாம். ஆளுக்கு மூன்று நிமிடம், மூத்த பெண் ஒருவர் தொடங்கட்டும். செலவுக்கு வீட்டுக்கு 20 ரூபாய் வசூல் செய்தால் நோட்டீஸ், தேநீர், ஆட்டோ எல்லாம் அடங்கும். ஒரு கட்சி 'முழுச் செலவும் நாங்க' என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

கிராம சபை, புதுச்சேரியானால் வேறு வழி

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1: இந்த ஆறில் உங்களுக்கு வசதியானதை முன்பே குறித்துவையுங்கள். கோரம், அதாவது சபைக்கு வந்தாக வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, முக்கியம். மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. குறைந்தால் தீர்மானம் செல்லாது என்று ஒருவர் எழுந்து சொல்வார், சரியாகத்தான் சொல்வார். தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருக்கும் காலத்திலும் சபை கூடும். தீர்மானத்தை வீட்டிலேயே எழுதி எடுத்துப்போங்கள்: சர்வே எண், பாதையின் தொடக்கமும் முடிவும், அகலம், 'சாதி வேறுபாடின்றி எல்லா இறுதி ஊர்வலங்களுக்கும் பொதுப்பாதை' என்ற வாசகம், தெருவிளக்கும் சாலைச் சீரமைப்பும் கோரும் ஒரு வரி. விளக்கும் சாலையும் எல்லாத் தெருவுக்கும் பயன் தருவதால் வெளிப்படையாகக் கைதூக்க ஒரு காரணம் கிடைக்கிறது. தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு நகல் வாங்காமல் கலைய வேண்டாம். சாதி வேறுபாடற்ற மயானமுள்ள சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தரும் திட்டத்தைப் பற்றிக் கடலூர் ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள், ஆனால் தீர்மானத்துக்குப் பிறகு. திண்ணையில் அந்தத் தொகையைச் சொன்னால் 'பணத்துக்காக' என்ற பேச்சு ஒட்டிக்கொள்ளும்.

பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டுப் பக்கம் என்றால், 2006 தேர்தலில் வந்த உள்ளாட்சிகளின் காலம் 2011-ல் முடிந்ததிலிருந்து வேலை கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர் கையில். அங்கே சட்டமன்றத் தொகுதிகள் சிறியவை, எம்.எல்.ஏ. துக்க வீடுகளுக்கு நேரில் வருபவர். அதனால் வரிசை மாறுகிறது: தெருக் கூட்ட ஒப்புதலை எழுதி, எல்லாக் கட்சிக் கையெழுத்தோடு ஆணையரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், பிறகு இந்நாள் எம்.எல்.ஏ.வையும் தோற்ற வேட்பாளரையும் ஒரே நாளில் பாருங்கள். ஒருவரை மட்டும் பார்த்தால் பாதை அவருடையதாகிவிடும்.

வாட்ஸ்அப்

வதந்தியைத் திரும்ப எழுதி மறுக்க வேண்டாம், மறுப்பைப் படிப்பவர் வதந்தியை மட்டும் நினைவில் வைத்துவிடக்கூடும். உண்மையை மட்டும், 30 விநாடிக்குள், ஊருக்குத் தெரிந்த குரலில் பதிவு செய்து அனுப்புங்கள்: 'நான் பால் சொசைட்டி பேசறேன். பாத சர்வே எண் இது, எல்லாமே ஊராட்சி நிலம், வரைபடம் என்கிட்ட இருக்கு, வந்து பாருங்க.' குழுவில் வாதம் வேண்டாம். எழுதியவருக்குப் போன் செய்யுங்கள். சாதியை இழிவுபடுத்தும் பதிவு வந்தால் பதில் எழுதாமல் படம் எடுத்து, நேரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள், புகாருக்கு வேண்டியிருக்கும்.

முதல் சாவு

தீர்மானம் நிறைவேறிய நாளில் வேலை முடிந்ததாக நினைப்பவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். உண்மையான தேர்வு, அதன் பிறகு காலனியில் விழும் முதல் சாவு. அதற்கான விதிகளைத் துக்கம் இல்லாத நாளிலேயே இரு தரப்பும் பேசி எழுதிக்கொள்ள வேண்டும்: பட்டாசு உண்டா, எங்கே நிறுத்துவது, பூ எறிவது எந்த முனை வரை, மேளம் கோயில் முன்னால் அடிக்கலாமா, பாடையை எங்கே இறக்கி வைப்பது, காப்பு நாளில் என்ன. எந்த விதியானாலும் ஊர்த்தெருச் சாவுக்கும் அதேதான். ஒரு தரப்புக்கு மட்டும் விதி போட்டால் பழைய வழக்கம் வேறு பெயரில் திரும்பிவிடுகிறது. குழி வெட்டுவது, எரிப்பது ஊராட்சி கூலி கொடுக்கும் வேலை என்றும் எழுதுங்கள். ஒரு சாதிக்குரிய கடமையாக அது தொடரக்கூடாது.

அன்றைக்கு: எடுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பு இரு பக்கத்திலும் மும்மூன்று பேருக்குப் போன். ஊர்த்தெருவிலிருந்து நான்கு பேர், வேறு வேறு கட்சி, துக்க வீட்டுக்கே போய்ப் பாடையோடு நடந்து வர வேண்டும். வீட்டு வாசலில் நின்று பார்ப்பது போதாது. வழியில் உள்ள 5 எண் வீட்டு வாசலில் அவருடைய உறவுக்காரர் ஒருவர் முன்பே போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கட்டும். படமெடுத்து 'வரலாற்று வெற்றி' என்று போட வேண்டாம். துக்க வீட்டுக்கு அது அவமரியாதை, தோற்றவராக உணர்பவருக்கு அது அழைப்பு. யாராவது மறித்தால் பாடையைப் பின்னால் திருப்பாதீர்கள், தள்ளுமுள்ளும் வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே போலீஸ் துணைக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும், வன்கொடுமை உதவி எண் 14566-க்கும் அழைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்களை முன்பே போனில் ஏற்றி வையுங்கள். மறியல் நடந்தால் அடுத்த திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் தீர்மான நகலோடு மனு, ஊர்த்தெருக்காரர் கையெழுத்தும் சேர்த்து.

மூன்று மாதம் கழித்து அதே பானையை அதே தெருக்களுக்கு எடுத்துப்போங்கள். முந்திரி கூடியிருந்தால் எரிமேடைக் கூரையைப் பேசலாம். குறைந்திருந்தால், எந்தத் தெருவில் குறைந்தது, அந்த மூன்று மாதத்தில் அங்கே என்ன நடந்தது என்று நோட்டில் அந்த வரிகளை எடுத்துப் பார்த்து, அந்த வீடுகளுக்கு மட்டும் மறுபடி திண்ணைக்குப் போங்கள்.